முதல் முழு வாக்கியம்

“நோ. ஷி இஸ் நாட்” என்று சுந்தரபாண்டி போனில் சொல்லிவிட்டான். எதிர்முனையில் பேசிய பெண், “ஓகே சார், தேங்க் யூ” என்று வைத்துவிட்டாள். அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில், இங்கிலீஷ் சொல்லித்தருகிற அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், செருப்புகள் கழற்றிக் கிடக்கிற இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்தது அவனுடைய போன் இல்லை. அவன் மனைவி நாகஜோதியின் போன். அவள் அப்போது அவன் தலைக்கு மேலே இரண்டு தளம் தள்ளி, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மூன்றாம் லெவல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். வகுப்புக்குப் போகும்போது போனை அவனிடம் கொடுத்து, “மஸ்கட் வேலை விசயமா பெங்களூர்லருந்து போன் வந்தாலும் வரும். வந்துச்சுன்னா ஒரு எட்டு மேல ஓடி வந்து என்னையக் கூப்பிட்ருங்க மாமா. சார் திட்டுனாலும் பரவால்ல” என்று சொல்லிவிட்டுத்தான் படியேறியிருந்தாள். மேலே போக இருபத்தெட்டுப் படிகள். அவன் ஒரு படிகூட ஏறவில்லை.

நாகஜோதி அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக நர்ஸ். திருச்சுழிக்குத் தெற்கே இருக்கிற ஊரிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். சுந்தரபாண்டிக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் மக்காச்சோளமும் கொத்தமல்லியும் போடுவான். பெய்யாத வருஷம் மாட்டுக்குத் தட்டைகூட மிஞ்சாது. பெய்த வருஷம் காட்டுப்பன்றி புகுந்துவிடும். வீட்டில் அடுப்பு எரிவது யார் சம்பளத்தில் என்று ஊருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட ஒரு சண்டை போட்டு ஆறியிருக்கலாம் என்று அவனுக்குச் சில நேரம் தோன்றும்.

அவளோடு வேலை பார்க்கிற அனுசியாதான் மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னது. பெங்களூரில் இருக்கிற ஓர் அலுவலகம் நேர்காணல் நடத்தும், வேலை தெரிந்தால் மட்டும் போதாது, இங்கிலீஷும் பேச வேண்டும். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர முடிவெடுத்தார்கள். அனுசியாவுக்கு வீட்டில் மாமியார் படுக்கையில் கிடந்ததால் அவள் போனிலேயே படித்துக்கொண்டாள். நாகஜோதி புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். “நான் போயி ஒரு வருசத்துல ஒங்களையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கிருவேன். அங்க டிரைவர் வேலைக்கு நாலு வார்த்தை தெரிஞ்சாப் போதுமாம். சும்மா வந்து ஒக்காருங்க.” அவன் சும்மா வந்து உட்காரத்தான் செய்தான். மகளை ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறுவார்கள்.

வகுப்பை நடத்துகிற நவநீதகிருஷ்ணன் திருப்பூரில் இருபது வருஷம் பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டுக் கடிதம் எழுதிக்கொடுத்தவர். சேர வருகிற எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பார். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். நாகஜோதியை இரண்டாம் லெவலில் போட்டார். மூன்றே மாதத்தில் மூன்றாம் லெவலுக்கு ஏற்றினார். சுந்தரபாண்டியின் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஃபர்ஸ்ட் லெவல்” என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்தில் நாகஜோதி நின்றதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

முதல் லெவல் கீழ்த்தளத்தில். தங்கச்செல்வி என்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். எம்.ஏ. முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது, எல்லோரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிடுவாள். அவனுக்கு அடுத்த நாற்காலி மளிகைக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு. ஐம்பத்தெட்டு வயது. பூனாவில் இருக்கிற பேத்திக்குத் தமிழ் வராது, அவளோடு போனில் பேச வேண்டும் என்பதற்காக வந்தவர். “நான் சோறு தின்னியாத்தான்னு கேக்கணும். அந்த ஒண்ண மட்டும் சொல்லிக்குடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன் மிஸ்” என்று முதல் நாளே சொன்னார். ஐந்து மாதமாக எழுந்து போகவில்லை. பாடம் ஐ ஆம், ஹி இஸ், யூ ஆர். இஸ் ஹி எ ஃபார்மர்? எஸ், ஹி இஸ். இஸ் ஷி ஹேப்பி? நோ, ஷி இஸ் நாட். தங்கச்செல்வி ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பாள். எஸ், நோ என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தக் கூடாது, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது அவள் கண்டிப்பு.

பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது சில நேரம் மாடிப்படி வழியாக மேல் வகுப்பின் சத்தம் இறங்கி வரும். அதில் நாகஜோதியின் குரல் தனியாகக் கேட்கும். வீட்டில் அவளுக்குக் குரல் கொஞ்சம் தணிந்துதான் இருக்கும், சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடுவாள். மேலேயிருந்து வருகிற குரல் அப்படி இல்லை. நிமிர்ந்து, தடையில்லாமல், யாரையோ மறுத்து, நடுவில் சிரித்து, மறுபடி தொடர்ந்து பேசுகிற குரல். என்ன பேசுகிறாள் என்று அவனுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷி, தனக்கு வழி தெரியாத ஓர் ஊரில் இறங்கி விறுவிறுவென்று நடந்து போவதுபோல இருக்கும். அவன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

நாகஜோதியும் அனுசியாவும் நேர்காணலை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. அன்றைக்கு அந்தப் பெங்களூர்ப் பெண் வேகமாகத்தான் பேசினாள். குட் மார்னிங்குக்குப் பிறகு வந்தது எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. “வெயிட்… வெயிட்” என்று சொல்லிவிட்டு மேலே ஓடத்தான் காலை எடுத்தான். அது உண்மை. ஆனால் அவள் அவனுடைய தடுமாற்றத்தைக் கவனித்து, நல்ல மனதோடு, சொல் சொல்லாக நிறுத்தி மறுபடியும் கேட்டாள். “சார், இஸ் நாகஜோதி ஸ்டில் இன்ட்ரஸ்டட்?” தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கூழாங்கல் போல ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத் தெரிந்தது. அதே நேரத்தில் மேலேயிருந்து நாகஜோதி சிரிப்பது கேட்டது. அவன் சொல்லிவிட்டான். எழுவாய் சரி, வினை சரி, நாட் சரியான இடத்தில் விழுந்தது. வாழ்க்கையில் அவன் பிசகில்லாமல் பேசிய முதல் முழு இங்கிலீஷ் வாக்கியம் அதுதான்.

வெற்றிலை துப்ப வெளியே வந்த சங்கரலிங்கம் அதைக் கேட்டுவிட்டார். “அட்றா சக்கை! பாண்டி, போன்லயே பேசிட்டீரா?” என்று கையைப் பிடித்து வகுப்புக்குள் இழுத்துக்கொண்டு போனார். தங்கச்செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீங்களா? வெறும் நோன்னு நிறுத்தல. முழுசாச் சொல்லியிருக்காரு. எல்லாரும் கை தட்டுங்க.” கை தட்டினார்கள். வகுப்பு முடிந்து நாகஜோதி இறங்கி வந்ததும் அண்ணாச்சி அவளிடமும் ஓடிச் சொன்னார். அவள் கண்ணை விரித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். “யாரு மாமா?”

“லோனு வேணுமான்னு ஒருத்தி. ஒனக்குத்தான். வேணாம்னு சொல்லிட்டேன்.”

“இங்கிலீஸ்லயா?”

அவன் தலையாட்டினான். அவள் ரோட்டில் ஆட்கள் போகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவன் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். பஸ்ஸில் ஊருக்குப் போகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். “நான் சொன்னேன்ல, ஒங்களால முடியும்னு.” போனை அவளிடம் கொடுப்பதற்கு முன்பே அவன் அந்த அழைப்பை அழித்துவிட்டிருந்தான். ஆனால் அழிப்பதற்கு முன்னால் நம்பரைத் தன் இலக்கண நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். எதற்காக எழுதினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அந்த வாரம் நாகஜோதி காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சட்டைப்பையிலேயே போனை வைத்துக்கொண்டாள். வீட்டில் சிக்னல் சரியாக எடுக்காது என்பதால், வந்ததும் வராததுமாக மல்லிக்காட்டுக் கடைசிவரை நடந்துபோய் நின்றுவிட்டு வந்தாள். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, “அனுசியாவுக்கு வந்துருச்சு” என்றாள். “ஞாயித்துக்கெழமையே கூப்பிட்டுச் சொல்லிட்டாகளாம். அவ இன்னைக்குத்தான் எங்கிட்டச் சொன்னா. சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காக.” சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

“நீ ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்ல?” என்று அவன் கேட்டான். அவளே கூப்பிட்டு எல்லாம் வெளியே வந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனது. வந்துவிடக் கூடாதே என்று ஒரு மனது.

“கூப்பிடலைன்னா வேணாம்னுதான அர்த்தம்? போயி எதுக்க நின்னு ஏன்னு கேக்கச் சொல்றீகளா?” அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “எனக்குத் தெரியும் மாமா, எதுல போச்சுன்னு. இன்டர்வியூல ஒன்பது வருசமா வேலை பாக்குறேன்னு சொல்ற எடத்துல தப்பாச் சொல்லிட்டேன். ஹேவ் பீன்னு வரணும். நான் ஹேட் பீன்னு சொன்னேன். சொன்ன ஒடனே அந்தம்மா மொகம் ஒரு மாதிரி ஆச்சு.”

அவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவள் அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் கிடந்தாள். மாவரைக்கும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவன் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் எடுத்து வைத்தான். பஸ்ஸுக்குக் கொண்டுவிட்டான், சாயங்காலம் போய்க் கூட்டி வந்தான். மீன் வாங்கி வந்து அவனே கழுவினான். “என்ன மாமா, ஓவரா கவனிக்கிறீக?” என்று அவள் கேட்டபோது மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான். தான் வருத்தமாக இருப்பதைப் பார்த்து மனுஷன் இளகிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்காக அவனிடம் இன்னும் பிரியமாக இருந்தாள். ஒருவேளை அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. காட்டில் களையெடுக்கிற இடத்தில் மல்லிச் செடியையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் வாசனை ஏறிய பிறகே அதைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு அவள் போனை அவனிடம் கொடுக்கவில்லை. பையிலேயே போட்டுக்கொண்டு மேலே போனவள் பத்து நிமிஷத்தில் இறங்கி வந்தாள். முதல் லெவல் வகுப்பு வாசலில் நின்று அவனை வெளியே கூப்பிட்டாள். “சார்ட்டச் சொல்லிட்டேன். நான் ரெண்டாவது லெவலுக்கே போறேன். அடித்தளமே ஆடுது, மேல போயி என்னத்தப் பேச? அவுகளும் சரின்னுட்டாக.” சொல்லிவிட்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடு மாடிக்கு ஏறிப் போனாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பாலிடெக்னிக் பையன்களும் உட்காருகிற வகுப்பு அது. அன்றைக்குக் கொட்டகையிலிருந்து யார் யாரோ பேசினார்கள். அந்தக் குரல் மட்டும் வரவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை சுந்தரபாண்டி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கச்செல்வியிடம் போய், “மிஸ், ஒண்ணு கேக்கணும்” என்றான். “நான் பொய் சொன்னேன்னு எப்படிச் சொல்லணும்?”

“அது பாஸ்ட் டென்ஸ்ண்ணே. ரெண்டாவது லெவல்ல வரும்.”

“எனக்கு இப்ப வேணும்.”

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவன் நோட்டை வாங்கி, தமிழ் எழுத்திலேயே பெரிதாக எழுதிக்கொடுத்தாள். ஐ டோல்ட் எ லை. அதற்கு முன்னும் பின்னுமாக அவன் கேட்டபடி இன்னும் மூன்று வரிகள் எழுதினாள். கடைசி வரியை எழுதும்போது பேனா ஒரு தடவை நின்றது. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “சத்தம் போட்டு நாலு தடவை படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்கண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மல்லிக்காட்டுக் கடைசியில் நின்று அந்த நம்பருக்குப் போட்டான். நாலு தடவைக்கு மேலேயே படித்திருந்தான். அதே பெண்தான் எடுத்தாள். நோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவன் வாசித்தான். “மேடம். ஐ ஆம் நாகஜோதி ஹஸ்பண்ட். லாஸ்ட் வீக் யூ கால்ட். ஐ டோல்ட் எ லை. மை வைஃப் இஸ் இன்ட்ரஸ்டட்.” பிறகு அவள் பேசினாள். அவன் “ஸ்லோ மேடம், ப்ளீஸ்” என்று கெஞ்ச, முன்பு போலவே சொல் சொல்லாகச் சொன்னாள். அந்த இடம் போய்விட்டது. காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது. சேர்ப்பார்களா என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நாகஜோதிதான் பேச வேண்டும். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள். “நாட் யூ சார். ஷி மஸ்ட் கால்.” குரலில் முன்பிருந்த நல்ல மனது இல்லை. அது அவனுக்கு விளங்க எந்த லெவலும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் தூறல் போட்டது. நாகஜோதி பஸ் இறங்கி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆயத் தொடங்கினாள். மகள் குருவம்மாள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“ஜோதி, பெங்களூர்லருந்து ஒனக்கு போன் வந்துச்சு.”

“எப்ப?” ஒரு நொடி அவள் முகம் விரிந்தது. அந்த ஒரு நொடியை அவன் பார்த்துவிட்டான்.

“முந்துன ஞாயித்துக்கெழமை. லோனுன்னு சொன்னேன்ல, அது.”

அவள் கை கீரைக் காம்பில் நின்றது. “என்ன கேட்டாக?”

“நீ இன்னும் விருப்பமா இருக்கியான்னு.”

அவள் யோசித்தாள். யோசிப்பது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாக, பிள்ளைக்கு விடை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள். “படபடன்னு பேசியிருப்பாக. ஒங்களுக்கு வெளங்கியிருக்காது. வெளங்காம நோன்னு சொல்லிட்டீக. அப்படித்தான மாமா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். முதல் லெவல்காரனுக்கு அது மானம் போகாத காரணம். அவளும் நம்புவாள். நம்ப அவள் ஆசைப்படுகிறாள். நாளைக்கு போன் செய்வாள், இந்த வீடு இப்படியே இருக்கும்.

“இல்ல ஜோதி. நிறுத்தி நிறுத்தித்தான் கேட்டா. நல்லா வெளங்குச்சு. வெளங்கித்தான் சொன்னேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். முறத்தைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஆய்ந்த கீரையை ஒரு பக்கமும் காம்பை ஒரு பக்கமுமாக ஒதுக்கினாள். “இத்தன நாளா,” என்றாள். குரல் பாதியில் போய்விட்டது. விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். “இத்தன நாளா நான் என் வாயத்தான வஞ்சுக்கிட்டு இருந்தேன். பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?”

அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் என்று சொல்லி அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதை எடுக்கவில்லை. மகள் வந்ததும் சோறு போட்டாள். அவனுக்கும் போட்டாள். குழம்பு ஊற்றும்போது போதுமா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை.

காலையில் அவன் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தபோது தாள் வைத்த இடத்தில் இல்லை. ஏழரை பஸ் போய்விட்டிருந்தது. அவள் போகவில்லை. ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு, அவனைத் தாண்டிக் காட்டுப் பக்கம் நடந்தாள். வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் போய், வரப்பு தொடங்குகிற வேலிக்கருவைப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மல்லி ஒரு சாண் வளர்ந்திருந்தது. ராத்திரி மழையில் கரிசல் நன்றாக ஊறிக் கிடந்தது. காட்டுக் கடைசியை நெருங்கும்போதே அவளுக்குச் சிக்னல் எடுத்துவிட்டது போலிருக்கிறது, நடந்துகொண்டே பேசத் தொடங்கினாள். அந்த நிமிர்ந்த குரலா, விழுங்குகிற குரலா என்று இத்தனை தூரத்தில் அவனுக்குத் தெரியவில்லை. காற்று தென்பக்கமாக அடித்தது. “மை ஹஸ்பண்ட்” என்று ஒரு தடவை கேட்டது. அதற்கு அடுத்து ஒரு நீண்ட வாக்கியம். அதில் இஸ் இல்லை, ஆர் இல்லை, அவன் படித்த எதுவும் இல்லை. தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு அடிக்கும் மண் அப்பி அவள் செருப்பு கனத்துக்கொண்டே போனது. நாலு எட்டுக்கு ஒருமுறை காலை உதறினாள். கடைசியில் பேச்சை நிறுத்தாமலே குனிந்து, செருப்பு இரண்டையும் கழற்றி ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையில் போனோடு, வெறுங்காலில் வரப்பின் மேலேயே கண்மாய்க்கரையைப் பார்த்து நடந்து போய்க்கொண்டிருந்தாள்.